நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் இடது கண்ணில் பார்வை குறைவு என்று தெரிந்தது. வலது கண்ணில் +1, இடது கண்ணில் +4.5 பவர். கண்ணாடி போட்டு நான்கு மாதம் ஆகிறது. பார்வை அளவில் (முழுப் பார்வை 6/6) 6/24 ஆக இருந்த இடது கண் 6/18க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இப்போது தினமும் 2 மணி நேரம் வலது கண்ணை ஒட்டுப் போட்டு மூடச் சொல்கிறார் டாக்டர். “நல்லா இருக்கிற கண்ணையும் கெடுக்கவா?” என்று அத்தை தடுக்கிறார். என் கணவரோ, “இது கண்ணில் இல்லை, மூளையில் இருக்கும் ரிசப்டர்களில் உள்ள குறை. அதற்கு மாத்திரை இருக்குமே?” என்கிறார். ஏழு வயதுக்குள் சரியாகாவிட்டால் அவ்வளவுதான் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இரண்டாவது பிள்ளை மகன்; அவனுக்கு மூன்று மாதம். பிரசவமாகி வந்ததிலிருந்து ஒன்றரை மாதம் அறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். அவனுக்கும் இப்படி ஆகுமா?
– தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒட்டுப் போடுங்கள். நாளைக்கே தொடங்குங்கள். தினம் 2 மணி நேரம் மூடுவதால் வலது கண் கெட்டுவிடாது. ஆனால் அதை மூடாமல் இடது கண் இப்போது இருக்கும் இடத்திலிருந்து மேலே வருவது கடினம். உங்கள் அத்தை கேட்பது நியாயமான கேள்வி. பேத்தியின் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார். அதனால் “டாக்டர் சொன்னார்” என்று மட்டும் சொல்லி அவர் வாயை அடைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு பவர்களையும் கவனியுங்கள். சின்னக் குழந்தைகள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முறுக்கிப் பிளஸ் பவரைத் தாங்களே ஓரளவு ஈடுகட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்த முயற்சி இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில்தான் போகும். ஒரு கண்ணுக்குக் கூட்டி மற்றதற்குக் குறைக்க முடியாது. உங்கள் மகள் வலது கண்ணுக்குத் தேவையான 1 அளவுக்கு முறுக்கியதும் அந்தக் கண்ணில் படம் தெளிவாகிவிட்டது. இடது கண்ணில் இன்னும் மூன்றரை பாக்கி. கிட்டத்தில் பார்த்தாலும் தூரத்தில் பார்த்தாலும் அந்த மூன்றரை அப்படியேதான் நின்றது. ஆக, கண்ணாடி போடும் நாள்வரை அந்தக் கண் ஒரு பொருளைக்கூடக் கூர்மையாகப் பார்த்ததில்லை. வலது கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் அவள் எதிலும் தடுமாறவில்லை; கண்ணும் மாறிப் போகவில்லை. வீட்டில் யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. “நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே” என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இந்த நிலையைத்தான் ஆம்ப்ளியோபியா, சோம்பேறிக் கண் என்கிறார்கள். இப்போது சரியான கண்ணாடி போட்டாகிவிட்டது; விழித்திரையில் தெளிவான படமும் விழுகிறது. ஆனாலும் 6/18தான் தெரிகிறது என்றால் மீதிக் குறை கண்ணில் இல்லை. அது மூளையின் பின்பக்கத்தில், கண்ணிலிருந்து வரும் செய்தியைப் படமாகப் புரிந்துகொள்ளும் மேலடுக்கான பார்வைப் புறணியில் இருக்கிறது. அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரிதான்.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டில் வேலை செய்த டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும். 1960களின் தொடக்கத்தில் பிறந்து சில நாளே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, விழித்திரையும் வேலை செய்தது. ஆனால் அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. பார்வைப் புறணியில் சோதித்த நரம்புச் செல்களில் அநேகமாக எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லின. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடியபோது எந்த மாற்றமும் இல்லை. 1963இல் வெளிவந்த இந்த முடிவுகளும் அவற்றைத் தொடர்ந்த ஆய்வுகளும் 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசைக் கொண்டுவந்தன. பிறவியிலேயே கண்புரையோடு வரும் குழந்தைகளுக்கு இன்று மாதக்கணக்கில் காத்திருக்காமல் வாரக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்கிறோம் என்றால் அதற்கு அந்தப் பூனைக்குட்டிகள்தான் காரணம்.

அந்த ஆய்வுகளில் உங்கள் மகளுக்கு நேராகப் பொருந்தும் விஷயங்கள் இரண்டு உண்டு. இமையைத் தைக்காமல், வெளிச்சத்தை விட்டு உருவத்தை மட்டும் மறைக்கும் மங்கலான மூடியைப் போட்டபோதும் பாதிப்பு வந்தது. அதாவது கண்ணுக்குள் வெளிச்சம் போனால் மட்டும் போதாது. கோடும் விளிம்பும் உள்ள படம் உள்ளே போக வேண்டும். உங்கள் மகளின் இடது கண்ணுக்கு இத்தனை வருடம் கிடைத்தது அந்த மங்கல் வெளிச்சம்தான். இன்னொன்று, இரண்டு கண்களையும் சேர்த்து மூடிய குட்டிகளின் புறணியில் பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. ஒரு கண்ணை மூடி மற்றதைத் திறந்து வைத்தால்தான் பெரிய இழப்பு. ஏனென்றால் புறணியில் ஒரே செல்லுக்கு இரண்டு கண்களிலிருந்தும் இணைப்புகள் வருகின்றன. அந்த இடத்துக்காக அவை போட்டி போடுகின்றன. இடது கண் தோற்றதற்கு அது பலவீனமாக இருந்தது மட்டும் காரணமல்ல. எதிரே ஓய்வே எடுக்காமல் ஒரு வலுவான கண் இருந்ததும் காரணம். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். தினம் 2 மணி நேரம் அந்தப் போட்டியாளரை விலக்கி வைப்பதற்குத்தான் ஒட்டு.

இனி உங்கள் கணவர் கேட்ட ரிசப்டர், அதாவது ஏற்பி. ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குப் பார்வைச் செய்தி குளுட்டமேட் என்ற வேதிப்பொருளாகப் போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்தான் ஏற்பிகள். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஏ.எம்.பி.ஏ. ஏற்பி, வந்த செய்தியை உடனே மின்மாற்றமாக ஆக்கிவிடும். என்.எம்.டி.ஏ. ஏற்பி அப்படி எளிதில் திறக்காது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இங்கே குளுட்டமேட் வந்து ஒட்டுவது ஒரு சாவி. வாங்கும் செல் அதே நேரத்தில் தூண்டப்பட்டிருப்பது இன்னொரு சாவி. செல் தூண்டப்படாதவரை ஒரு மக்னீசிய அயனி அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து திறந்தால் கால்சியம் உள்ளே பாயும். போதிய கால்சியம் பாய்ந்தால் அந்த இணைப்பு வலுப்படும். அரைகுறையாகப் பாய்ந்தால் இணைப்பு தளரும்.

உங்கள் மகளின் புறணியில் நடந்தது இதுதான். செல்லைத் தூண்டியது வலது கண். இடது கண்ணிலிருந்து வந்த மங்கலான செய்தி அந்தத் தூண்டுதலோடு நேரத்திலும் சேரவில்லை, வலுவிலும் சேரவில்லை. ஒரு கண்ணை மூடிய எலிகளில் இதன் அடுத்த கட்டத்தையும் பார்த்திருக்கிறார்கள். மூடிய கண்ணின் இணைப்புகளில் இருந்த ஏ.எம்.பி.ஏ. ஏற்பிகளை, வாங்கும் செல் தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாங்கும் கைகளே குறைந்துபோனால் கண் எவ்வளவு தெளிவாக அனுப்பினாலும் பயனில்லை. நான்கு மாதக் கண்ணாடிக்குப் பிறகு உங்கள் மகள் நிற்கும் இடம் ஏறக்குறைய இதுதான்.

என்.எம்.டி.ஏ. ஏற்பியின் பாகங்களும் வயதோடு மாறுகின்றன. பிறந்த புதிதில் என்.ஆர்.2பி என்ற பாகம் கொண்டவை அதிகம். இவை திறந்தால் கூடுதல் நேரம் திறந்திருக்கும். கால்சியம் தாராளமாகப் போகும். வளர வளர என்.ஆர்.2ஏ கொண்டவை கூடுகின்றன. இவை சீக்கிரம் மூடிக்கொள்ளும். பல் முளைப்பதுபோல வயதானால் தானாக நடப்பது என்று நினைக்கத் தோன்றும். 1999இல் எலிசபெத் குவின்லன், மார்க் பேர் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. முழு இருட்டில் வளர்த்த எலிக்குட்டிகளில் இந்த மாற்றம் பின்தங்கியே இருந்தது. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் 2 மணி நேரத்துக்குள் என்.ஆர்.2ஏ கூடிவிட்டது. திரும்ப இருட்டில் சில நாள் வைத்தால் மறுபடி குறைந்தது. வயது மட்டும் அல்ல, பார்க்கும் அனுபவமே மூளையின் ஏற்பிகளைத் திருத்தி அமைக்கிறது. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துபோகிறது. ஒரு குழந்தை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்குள் புரதங்கள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன! (எலியின் 2 மணி நேரத்துக்கும் உங்கள் மகளின் 2 மணி நேரத்துக்கும் தொடர்பில்லை. அந்தக் கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது, கீழே சொல்கிறேன்.)

எலிதானே என்று நினைக்க வேண்டாம். அதே 1999இல் கனடாவில் டாப்னே மாரர், டெர்ரி லூயிஸ் குழுவினர் பிறவிக் கண்புரை எடுத்த கைக்குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்ட உடனே, அவர்களின் பார்வைக்கூர்மை புதிதாகப் பிறந்த குழந்தையின் அளவில்தான் இருந்தது. ஒன்பது மாதக் குழந்தைக்கும் அப்படித்தான். மாதங்கள் ஓடியதால் மட்டும் பார்வை வளரவில்லை. ஆனால் லென்ஸ் வழியே ஒரு மணி நேரம் பார்த்த பிறகு மறுபடி சோதித்தபோது கூர்மை கூடியிருந்தது. குழந்தைகளின் மூளைக்குள் ஏற்பியை எண்ணிப் பார்க்க முடியாது என்பதால் இரண்டும் ஒரே நிகழ்வுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் காட்டும் திசை ஒன்றுதான்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவரைப் போலவே விஞ்ஞானிகளும் யோசித்தார்கள். 1998இல் டக்காவோ ஹென்ஷ் குழு, மூளையில் தூண்டுதலை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் போதாத எலிகளில், கண்ணை மூடினாலும் இந்த மாற்றம் நடப்பதில்லை என்றும், காபா ஏற்பியின் வேலையைக் கூட்டும் டயாசிபாம் என்ற மருந்தைக் கொடுத்தால் நடக்கிறது என்றும் காட்டியது. அதற்காகக் குழந்தைக்கு டயாசிபாம் கொடுக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபாவை 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015இல் வந்தது. ஒட்டு மட்டும் போட்டவர்களைவிடக் குறிப்பிடும்படியான பலன் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. என்.எம்.டி.ஏ. ஏற்பியும் காபா ஏற்பியும் மூளை முழுக்க இருக்கின்றன, நினைவுக்கும் தூக்கத்துக்கும் வலிப்பு வராமல் இருப்பதற்கும் அவை வேண்டும். மாத்திரைக்கு எது இடது கண்ணின் இணைப்பு என்று தெரியாது. ஒட்டு அதைச் சரியாகப் பிரித்துவிடுகிறது. வலது கண் ஓய்வாக இருக்கும் நேரத்தில் செல்லைத் தூண்டுவதும் இடது கண்தான், குளுட்டமேட் அனுப்புவதும் இடது கண்தான். வலுப்பட வேண்டிய இணைப்புகள் மட்டும் வேலை செய்கின்றன.

2 மணி நேரம் என்ற அளவு குழந்தைகளிடமே சோதித்து வந்தது. உங்கள் மகளைப் போல நடுத்தரக் குறை உள்ள, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் தினம் 2 மணி நேரம் மூடியவர்களுக்கும் 6 மணி நேரம் மூடியவர்களுக்கும் நான்கு மாதத்தில் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம் என்று 2003இல் தெரியவந்தது. முதலில் கண்ணாடி மட்டும் கொடுத்து நான்கு மாதம் பார்த்ததும் சரியான முறைதான். கால்வாசிப் பேருக்குக் கண்ணாடியிலேயே சரியாகிவிடுவதுண்டு. உங்கள் டாக்டர் நிதானமாகவும் முறையாகவும் போகிறார்.

ஏழு வயது என்ற பயத்தை விடுங்கள். சீக்கிரம் செய்தால் பலன் கூடுதல் என்பது உண்மை. அதனால்தான் நாளைக்கே தொடங்கச் சொன்னேன். ஆனால் ஏழாவது பிறந்தநாளோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை. 2005இல் வந்த ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் கண்ணாடியோடு ஒட்டும், நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பார்வை, எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது முன்னேறியது; கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு. டெல்லியில் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலிருந்து பார்வையில்லாமல் இருந்து எட்டு வயதுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள்கூடப் பயன்படும் அளவுக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். முழுப் பார்வை வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் அவர்களைவிட எவ்வளவோ நல்ல இடத்தில் இருக்கிறாள்.

ஒட்டைக் கண்ணாடியின் மேல் போடாமல் தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒட்டு மட்டும் போட்டால் பழைய மங்கல் படம்தான் போகும். 2 மணி நேரமும் வீண். முதல் வாரம் அழுவாள், கையால் பிய்ப்பாள். முகத்தை ஒருபக்கம் சாய்த்து மூக்கோர இடைவெளி வழியாக வலது கண்ணால் எட்டிப் பார்க்கவும் செய்வாள். அடம் என்று அடித்துவிடாதீர்கள். நன்றாகத் தெரிவதைப் பறித்துக்கொண்டு தெரியாததைக் கொடுக்கிறோம், அழாமல் என்ன செய்வாள்? பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் என்று ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒட்டைத் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளின் பின்புறம் அவளையே ஒட்டச் சொல்லுங்கள்; எத்தனை சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை.

அந்த நேரத்தில் மணி கோக்க வேண்டும், எழுத்து வேலை கொடுக்க வேண்டும் என்று முன்பு வற்புறுத்துவோம். கிட்டத்து வேலை கொடுத்தவர்களுக்கும் தூரத்தில் பார்த்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று பின்னால் தெரிந்தது. எனவே அவளுக்குப் பிடித்ததைச் செய்யட்டும்: புள்ளிக் கோலத்துக்கு வண்ணம் தீட்டலாம், பல்லாங்குழி ஆடலாம், அத்தையோடு உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கலாம், கார்ட்டூன் பார்த்தாலும் குற்றமில்லை. விழித்திருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒட்டோடு தூங்கினால் கணக்கில் வராது. தெருவில் சைக்கிள் ஓட்டுவது, மாடிப்படியில் ஓடுவது அந்த நேரத்தில் வேண்டாம். தோல் சிவந்தால் அடுத்த முறை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக உரியுங்கள். புண்ணாகும் அளவுக்குப் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து ஒரு மாற்று வழி. 2002இல் வந்த ஆய்வில் அது ஒட்டுக்கு ஏறக்குறைய ஈடான பலன் தந்தது. நீங்களாக வாங்கி விடக் கூடாது.

டாக்டர் சொல்லும் தேதியில் கட்டாயம் போங்கள். ஒவ்வொரு முறையும் வலது கண்ணையும் அளப்பார்கள். அரிதாக அது ஒரு வரி குறைந்தாலும் ஒட்டை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அத்தையையும் உடன் அழைத்துப் போய், பேத்தி இரண்டு கண்ணாலும் தனித்தனியாக வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்வை சரியானதும் நீங்களாக ஒட்டை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய முதல் வருடத்தில் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. படிப்படியாகக் குறைத்தால் அந்த வாய்ப்பு குறைவு. தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். பொன்னாங்கண்ணியும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது. இந்தக் குறைக்கு அவை மருந்தல்ல.

குட்டித் தம்பி பற்றி. ஜன்னல் சாத்தியிருந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆய்வகத்து இருட்டு என்பது வாரக்கணக்கில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத இருட்டு. உங்கள் அறையில் விளக்கு எரிந்தது. பால் குடிக்கும்போதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறான். அந்த வயதுக்கு அதைவிட நல்ல காட்சி இல்லை. இனி ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூளை வளர்க்கும் என்று விற்கும் கறுப்பு வெள்ளை அட்டைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காவுக்குப் பவர் வித்தியாசம் இருப்பதால் அவனுக்கும் வர வாய்ப்பு சற்றுக் கூடுதல். இப்போது ஒருமுறை கண்மணியில் ஒளி பாய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒரு வயதுவாக்கில் சொட்டு மருந்து விட்டுப் பவர் பாருங்கள். பள்ளிப் பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம்.

நான்கு மாதம் தாண்டியும் கண் மாறியே இருந்தால் “மாறுகண் அதிர்ஷ்டம்” என்று யார் சொன்னாலும் கேட்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தாலோ, கண் ஓயாமல் ஆடினாலோ, மூன்று மாதமாகியும் முகத்தை முகம் பார்க்காவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கண்புரையாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் பார்வையைக் குறைக்கும். கண்ணில் கட்டியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே காட்டுங்கள்.

அன்புடன்,
குழந்தைகள் கண் மருத்துவர்